திரைக்குப் பின்னால் இருந்த கைகள்



ஒரு கலைப்படைப்பைக் கண்டு மகிழ்வது ஒரு சுவை. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று தேடி அறிவது இன்னொரு சுவை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்க முடியுமா என்பது பழைய கேள்வி. செப்படிவித்தைக்காரனின் இரகசியம் தெரிந்துவிட்டால் வித்தையின் சுவை போய்விடும் என்று சொல்லுவார்கள். அதில் உண்மை உண்டு. புறா எங்கேயிருந்து வந்தது என்று கண்டுகொண்டவன் அடுத்த தடவை புறாவைப் பார்க்கமாட்டான். வித்தைக்காரனின் சட்டைக் கையைத்தான் பார்ப்பான்.

ஆனால் பழைய கார்ட்டூன் திரைப்படங்களின் இரசிகர் விடயத்தில் இந்த விதி பொய்த்துப்போகிறது. வோல்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வைற்' வெளிவந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் படத்தின் ஒவ்வொரு காட்சியையும் வரைந்தவர் யார், எந்த மையினால் கோடு இழுத்தார்கள், எந்தக் கமெராவினால் படம் பிடித்தார்கள் என்று இன்றும் தேடித் திரிகின்ற ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. தேடத் தேட அவர்களுக்கு வியப்புக் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. இது ஏன் என்பதும், இந்தத் தேடலினால் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதுமே இன்றைய பேச்சின் பொருள். சிறுவர் பொழுதுபோக்கைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டால், தொழில் செய்தவனின் பெயர் அவன் செய்த தொழிலோடு நிற்குமா என்ற பெரிய கேள்வி இதனுள்ளே இருப்பது விளங்கும்.

120,000 சட்டங்கள்

'ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும்' என்ற படம் 1937ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே காதே சேர்க்கிள் என்ற திரையரங்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. உலகத்தின் முதலாவது நீண்ட கார்ட்டூன் படம் இதுதான் என்று பலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. ஆர்ஜன்ரீனாவில் கிறிஸ்தியானி என்பவர் 1917இலேயே ஒரு நீண்ட படம் செய்தார். அது இன்று கிடைப்பதற்கில்லை. ஜெர்மனியில் லொற்றே ரைனிகர் என்ற அம்மையார் கறுப்புத் தாளை வெட்டி, நிழற்பாவைகளாக நகர்த்தி, 'இளவரசர் அஹ்மத்தின் வீரச்செயல்கள்' என்ற படத்தை 1926இல் நிறைவேற்றினார். ஆயினும் கையினால் வரைந்து, வர்ணந் தீட்டி, ஒலி சேர்த்து, ஹொலிவூட் தந்த முதல் நீண்ட கார்ட்டூன் படம் 'ஸ்னோ வைற்' என்பதில் ஐயமில்லை.

இந்தப் படத்தைத் தொடங்கியபோது மதிப்பிட்ட செலவு 250,000 டொலர். முடிவில் ஆன செலவு ஏறத்தாழ 15 இலட்சம் டொலர். ஹொலிவூட்டில் இதனை 'டிஸ்னியின் மடமை' என்று ஏளனம் செய்தார்கள். ஏழு நிமிடக் கார்ட்டூனுக்குச் சிரிக்கிறவன் எண்பது நிமிடம் உட்கார்ந்திருப்பானா என்பது அவர்களின் கேள்வி.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தின் நீளம் 83 நிமிடம். திரையிலே ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 83ஐ 60ஆல் பெருக்கி, மீண்டும் 24ஆல் பெருக்கினால் 119,520 வரும். ஏறத்தாழ 120,000 சட்டங்கள். சில இடங்களில் ஒரு சித்திரத்தையே இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஏழு குள்ளர்களும் ஒரே காட்சியில் நிற்கும்போது ஒரு சட்டத்துக்குள்ளேயே பல சித்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே வரைந்து தீட்டிய சித்திரங்களின் தொகை இலட்சக்கணக்கில் போகும். அத்தனையையும் மனிதக் கை செய்தது.

எவ்வாறு செய்தார்கள்? முதலில் கதையைச் சிறுசிறு படங்களாக வரைந்து ஒரு பலகையிலே வரிசையாகக் குத்திவைத்துப் பார்ப்பார்கள். பிறகு குரலும் இசையும் பதிவாகும். காட்சியின் அமைப்பு நிச்சயமானதும், தலைமை ஓவியர் அசைவின் முக்கியமான நிலைகளைப் பென்சிலால் வரைவார். ஒரு நிலைக்கும் மறு நிலைக்கும் இடையிலுள்ள சித்திரங்களை இளம் உதவியாளர்கள் வரைவார்கள். பென்சில் சித்திரங்களை அப்படியே படம்பிடித்து, ஒரு சின்ன அறையிலே ஓட்டிப் பார்ப்பார்கள். காற்று வசதியில்லாத அந்த அறைக்கு ஊழியர் இட்ட பெயர் 'வியர்வைப் பெட்டி'. வெப்பத்தினாலும் வியர்த்தது, டிஸ்னி என்ன சொல்லப்போகிறாரோ என்ற பயத்தினாலும் வியர்த்தது. அங்கே தேறிய சித்திரங்களே அடுத்த கட்டத்துக்குப் போகும். அடுத்த கட்டந்தான் மைதீட்டும் பகுதி.

மைதீட்டிய பெண்கள்

கண்ணாடி போன்ற செலுலொயிட் தாளைப் பென்சில் சித்திரத்தின் மேல் வைத்து, அதன் கோடுகளை மைக்கூர் கொண்டு பிசகாமல் பின்பற்றி இழுக்கவேண்டும். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வர்ணம் பூசவேண்டும். கைவிரலின் ஈரம் பட்டால் தாள் பழுதாகிவிடும் என்பதால் பருத்திக் கையுறை அணிந்துகொண்டு வேலை செய்தார்கள். கோடு ஒரு மயிரளவு தடித்தாலும், பெரிய திரையிலே பாத்திரத்தின் முகம் துடிப்பதுபோலத் தெரியும். மூச்சை அடக்கி இழுக்கின்ற கோடு அது.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். 'ஸ்னோ வைற்' முடியுங் காலத்தில் இரவு பகலாக, வார இறுதி நாட்களிலும் அவர்கள் உழைத்தார்கள். படத்தின் தொடக்க எழுத்துக்களில் ஓவியர் பலரின் பெயர்கள் வருகின்றன. தமது ஊழியர் எல்லோருக்கும் நன்றி கூறி டிஸ்னி தனியாக ஒரு வாசகமும் சேர்த்திருந்தார். ஆனால் மைதீட்டிய, வர்ணம் பூசிய பெண்களின் பெயர்கள் அங்கே இல்லை. ஸ்னோ வைற்றுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா கசலொற்றியின் பெயரும் இல்லை. ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக ஸ்னோ வைற்றாக நடித்தும் ஆடியும் காட்டிய மார்ஜ் சம்பியன் என்ற நடனமாதின் பெயரும் இல்லை.

பெண்களுக்கு அந்த ஸ்ரூடியோவில் எந்தக் கதவு திறந்திருந்தது, எந்தக் கதவு பூட்டியிருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1938இல் ஓவிய வேலை கேட்டு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு அனுப்பப்பட்ட மறுமொழி பின்னாளில் வெளிவந்தது. படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு இருப்பது செலுலொயிட்டில் மையால் கோடு இழுத்துப் பின்பக்கம் வர்ணம் பூசும் வேலை மாத்திரமே என்ற கருத்து அதிலே மிக மரியாதையாகச் சொல்லப்பட்டிருந்தது. கடிதத் தாளிலே அழகான ஸ்னோ வைற் சித்திரம் வேறு! எனினும் பூட்டிய கதவு சிறிது திறக்கவுஞ் செய்தது. ரெற்றா ஸ்கொட் என்ற பெண்மணி 1942இல் வெளிவந்த 'பம்பி' படத்தில் வேட்டைநாய்கள் பாய்ந்து துரத்தும் காட்சியை வரைந்தார். அந்த ஸ்ரூடியோவில் அசைவோவியராகத் திரையிலே பெயர் பெற்ற முதற்பெண் அவரே. மென்மையான காட்சிதான் பெண்ணுக்கு வரும் என்று நினைத்தவர்களுக்கு அந்த நாய்களின் பற்களே பதில் சொல்லின.

சேறும் கஞ்சியும்

1940ஆம் ஆண்டில் 'பினோக்கியோ'வும் 'பன்ரேசியா'வும் வெளிவந்தன. கார்ட்டூன் இரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்ற ஆண்டு அது. பல தளங்களில் கண்ணாடித் தட்டுக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் காட்சியின் ஒரு பகுதியை வரைந்து, மேலிருந்து படம்பிடிக்கின்ற உயரமான கமெரா இக்காலத்திலே முழு வலிமையுடன் பயன்பட்டது. 1937இல் 'பழைய ஆலை' என்ற குறும்படத்தில் இதனைப் பரீட்சித்திருந்தார்கள். தட்டுக்களை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினால், அருகிலுள்ள மரம் விரைவாகவும் தூரத்து மலை மெதுவாகவும் நகரும். தட்டையான சித்திரத்துக்குள்ளே நாம் நடந்து போவதுபோல ஓர் உணர்வு பிறக்கும். இதே எண்ணத்தை ரைனிகர் அம்மையார் பல ஆண்டுகளுக்கு முன்பே தமது சிறிய வேலைத்தளத்தில் கையாண்டிருந்தார் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

'பன்ரேசியா'வின் கடைசிக் காட்சியில், தீபம் ஏந்தியோர் வரிசையாகக் காட்டினூடே நடந்து செல்ல, கமெரா மரங்களினிடையே ஊர்ந்து சென்று விடியலைக் காண்கிறது. இதற்காகத் தனியான ஓர் அமைப்பையே கட்டினார்கள். பல நாள் இரவு பகலாகப் படம் பிடித்த பிறகு, கமெராவில் பிழையான கண்ணாடிவில்லை பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. இரண்டாவது தடவை தொடங்கினார்கள். நடுவிலே சிறிய நிலநடுக்கம் வந்து கண்ணாடித் தட்டுக்களை அசைத்துவிட்டது. மூன்றாவது தடவையும் தொடங்கினார்கள். நவம்பர் 13ஆந் திகதி நியூயோர்க்கில் முதற்காட்சி. அதற்குச் சில மணித்தியாலங்களே இருக்கும்போது அந்தப் பகுதிப் பிலிம் வந்து சேர்ந்து ஒட்டப்பட்டது. இச்செய்தியை அறிந்தபின் அந்தக் காட்சியைப் பார்க்கிறவனுக்கு அதன் அமைதி இரட்டிப்பாகத் தோன்றும்.

அதே படத்தில் உலகம் தோன்றிய காலத்து எரிமலைகள் கொதிக்கின்றன. அந்தக் கொதிப்பு எங்கேயிருந்து வந்தது? ஓட்ஸ் கஞ்சி, சேறு, கோப்பித் தூள் மூன்றையும் கலந்து, குழாயினால் அடியில் காற்றைச் செலுத்தி, குமிழிகள் வெடிப்பதை வேகக் கமெராவினால் பிடித்தார்கள். ஆடிவரும் பனித்துகள்களைத் தாளிலே வெட்டி, வளைந்த தண்டவாளங்களில் சுழன்று வரச்செய்து படம் பிடித்தார்கள்.

இவை எவ்வாறு நமக்குத் தெரிந்தன என்பது ஒரு கதை. ஹேர்மன் ஷுல்தைஸ் என்ற ஜெர்மன் நாட்டுத் தொழில்நுட்பர் 1938 முதல் 1941 வரை டிஸ்னி ஸ்ரூடியோவின் விசேட காட்சிப் பகுதியில் வேலைசெய்தார். தாம் கண்டவற்றைப் புகைப்படம் எடுத்து, குறிப்பெழுதி, ஒரு பெரிய புத்தகமாக ஒட்டிவைத்திருந்தார். 1955இல் குவாத்தமாலா நாட்டுக் காட்டுக்குள் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குறிப்பேடு வீட்டிலேயே கிடந்தது. மனைவியார் இறந்தபின், 1990களின் தொடக்கத்திலேதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. அரை நூற்றாண்டாக ஆய்வாளர் ஊகித்துக்கொண்டிருந்த பல இரகசியங்கள் ஒரு தனிமனிதனின் ஒட்டுப் புத்தகத்திலே இருந்தன. இதைப்பற்றி ஜோன் கேன்மேக்கர் எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது. ஏட்டுச்சுவடி தேடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மகிழ்ச்சி விளங்காமற் போகாது.

காட்டிய ஸ்ரூடியோவும் காட்டாத ஸ்ரூடியோவும்

இரசிகர்களின் ஆவலை அறிந்து பயன்படுத்திக்கொண்டவர்களுள் டிஸ்னியும் ஒருவர். படம் எப்படி ஆக்கப்படுகிறது என்று காட்டுவதற்கே 1941இல் 'தயங்கிய நாகம்' என்று பொருள்படும் ஒரு படத்தை வெளியிட்டார். நகைச்சுவை எழுத்தாளர் றொபேர்ட் பெஞ்ச்லி பேர்பாங் நகரிலுள்ள புதிய ஸ்ரூடியோவைச் சுற்றிப் பார்க்கிறார். ஓவிய வகுப்பு, ஒலிப்பதிவு அறை, வர்ணங் கலக்கும் கூடம், பெரிய கமெரா எல்லாம் வருகின்றன. கறுப்பு வெள்ளையில் தொடங்கிய படம் கமெரா அறைக்குள் போனதும் வர்ணமாக மாறுகிறது. எங்கும் சிரித்த முகங்கள். அந்த முகங்களிற் சில ஸ்ரூடியோ ஊழியருடையவை அல்ல. ஓவியராகவும் கதை எழுதுபவராகவும் நடிக்க வந்த நடிகர்களுடையவை.

படம் வெளிவந்தது 1941 ஜூன் மாதத்தில். அதற்குச் சில வாரங்களுக்கு முன், மே 29ஆந் திகதி, அதே ஸ்ரூடியோவின் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். திரைக்குள்ளே ஊழியர் சிரித்துக்கொண்டிருக்க, திரையரங்கின் வெளியே உண்மையான ஊழியர்கள் நாக உருவத்தோடு மறியல் செய்தார்கள். சரித்திரம் சில வேளைகளில் நாடகாசிரியனையும் வென்றுவிடுகிறது.

வேலைநிறுத்தத்துக்குக் காரணங்கள் பல. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டதால் 'பினோக்கியோ'வுக்கும் 'பன்ரேசியா'வுக்கும் வெளிநாட்டு வருமானம் இல்லாமற் போனது. ஆட்குறைப்பு வரும் என்ற பயம் எழுந்தது. முன்னணி ஓவியர் வாரத்துக்கு 300 டொலர் வரை பெற, அடிமட்டத்தில் சிலர் 12 டொலருக்கு வேலை செய்தார்கள். பெயர் என்ற மனக்குறையும் இருந்தது. குறும்படங்களில் வோல்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான் ஒளிவீசியது. உழைத்தவன் தன் தாய்க்குக் காட்டுவதற்குக்கூடத் திரையிலே ஓர் எழுத்து இல்லை.

போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் ஆர்ட் பபிட். 'ஸ்னோ வைற்'றில் பொறாமை பிடித்த அரசியையும், 'பினோக்கியோ'வில் கிழவன் ஜெப்பெற்றோவையும், 'பன்ரேசியா'வில் ஆடுகின்ற காளான்களையும் உயிர்பெறச் செய்தவர் அவர். உயர்ந்த சம்பளம் வாங்கிய ஓவியர். தமக்குக் குறையொன்றும் இல்லாதபோதும் மைதீட்டும் பெண்களின் சம்பளத்துக்காகவும் பேசினார்; அதற்காக வேலையையும் இழந்தார். அவர் நீக்கப்பட்ட மறுநாளே வேலைநிறுத்தம் தொடங்கியது. கோடைகாலம் முழுவதும் இழுபட்டு, அரசாங்கத்தின் மத்தியஸ்தத்தினால் தொழிற்சங்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் மனம் முறிந்தது முறிந்ததுதான். ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமற் போனார்கள். சிறந்த ஓவியர் பலர் வெளியேறினார்கள்.

தொலைக்காட்சி வந்தபோது டிஸ்னி மீண்டும் தமது பட்டறைக் கதவைத் திறந்து காட்டினார். 1955, 1956, 1957ஆம் ஆண்டுகளில் அவரே தோன்றி, சித்திரம் எப்படி அசைகிறது என்று விளக்கிய நிகழ்ச்சிகளைப் பார்த்த சிறுவர் சிலர் வளர்ந்து ஓவியர்களானார்கள். 1958இல் பொப் தோமஸ் எழுதிய 'அசைவோவியக் கலை' என்ற நூல் பல சிறுவர்களுக்குப் பாடப்புத்தகம்போல ஆயிற்று. இவை நல்ல காரியங்களே. ஆயினும் காட்டவேண்டியதைக் காட்டி, மறைக்கவேண்டியதை மறைத்தன. இயந்திரத்தைக் காட்டினார்கள், சம்பளப் புத்தகத்தைக் காட்டவில்லை.

இரசிகர் செய்த நீதி

இந்த இடத்திலேதான் இரசிகர்களின் பங்கு தொடங்குகிறது. ஒரு படத்தை இருபது தடவை பார்த்தவனுக்கு ஒரு விடயம் புலப்படும். ஒரே பாத்திரம் ஒரு காட்சியில் ஒருவிதமாகவும் இன்னொரு காட்சியில் வேறுவிதமாகவும் நடக்கிறது. இரண்டும் ஒரே கையால் வரையப்பட்டவை அல்ல. அப்படியானால் இந்தக் கை யாருடையது? செய்யுளைப் படித்து இது இன்ன புலவன் நடை என்று சொல்லுகின்ற பயிற்சிக்கு ஒப்பானது இது. சின்னக் கேள்விதான். ஆனால் டிஸ்னி என்ற ஒரு பெயருக்குப் பின்னால் நூறு பெயர்கள் இருக்கின்றன என்ற முடிவுக்கு அது கொண்டுபோய் விடும்.

1966இல் மைக்கல் பரியர் என்ற அமெரிக்கர் 'பன்னிவேள்ட்' என்ற சிற்றிதழைத் தொடங்கினார். அவரும் மில்ரன் கிரே என்ற ஓவியரும் சேர்ந்து முதியவர்களைத் தேடிப்போய் ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்துப் பேட்டி கண்டார்கள். ஓய்வுபெற்று, மறக்கப்பட்டு, வீட்டோடு இருந்த ஓவியர்களிடம், நீங்கள் எந்தக் காட்சியை வரைந்தீர்கள் என்று யாரோ வந்து கேட்பது அதுவே முதற்தடவையாக இருந்திருக்கும். அந்தப் பேட்டிகளின் பயனாகப் பரியரின் பெரிய வரலாற்று நூல் 1999இல் வெளிவந்தது.

ஆர்ட் பபிட்டை 1973இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் லண்டனுக்கு அழைத்தார். தமது ஸ்ரூடியோவையே வகுப்பறையாக்கி, இளம் ஓவியர்களோடு தாமும் மாணவராக அமர்ந்து பாடங் கேட்டார். அந்த வில்லியம்ஸ்தான் 1988இல் வெளிவந்த 'றொஜர் றபிட்' படத்தின் அசைவோவியத்துக்குத் தலைமை தாங்கி ஒஸ்கார் பெற்றவர். 2001இல் அவர் எழுதிய பாடநூலில் பபிட் போன்ற முதியவர்கள் சொல்லிக்கொடுத்தவை நிறைய உண்டு. ஸ்ரூடியோவிலேயே இறுதிவரை இருந்த பிராங்க் தோமசும் ஒல்லி ஜோன்ஸ்ரனும் சேர்ந்து 1981இல் 'உயிரின் மாயத்தோற்றம்' என்று பொருள்படும் நூலை எழுதினார்கள். தொழிலின் பன்னிரண்டு அடிப்படைகள் அதிலே வகுத்துச் சொல்லப்பட்டன. வெளியேறியவரும் தங்கியவரும் ஆகிய இரு சாராரின் வித்தையும் இவ்வாறு அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. 1992இல் காலமான பபிட்டுக்கு டிஸ்னி நிறுவனமே தனது உயர்ந்த கௌரவத்தை வழங்கியபோது ஆண்டு 2007. வேலைநிறுத்தம் நடந்து 66 ஆண்டுகள்!

இன்னொருவரையும் சொல்லவேண்டும். சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் 1910இல் பிறந்த டைரஸ் வொங், பத்து வயதிலே தந்தையாருடன் அமெரிக்கா வந்தவர். சீனரை அனுமதிக்க மறுத்த சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகிலுள்ள தீவிலே அந்தச் சிறுவன் தனியாகத் தடுத்து வைக்கப்பட்டான். வறுமையோடு ஓவியம் கற்று, 1938இல் டிஸ்னியில் மிகக் கீழ்ப்படியில் இடைச்சித்திரம் வரையச் சேர்ந்தார். 'பம்பி' படத்துக்குக் காட்டை எப்படி வரைவது என்று எல்லோரும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் இலையையும் வரைந்தால் மான்குட்டி இலைகளுக்குள் மறைந்துபோகிறது. வொங், பழைய சீன மலைநாட்டு ஓவியங்களின் வழியில், பனிமூட்டமும் ஒன்றிரண்டு மரங்களுமாகச் சில சித்திரங்களைத் தாமாகவே தீட்டிக் காட்டினார். முழுப் படத்துக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று. வேலைநிறுத்தத்தை அடுத்து 1941இல் அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். படத்தில் பின்னணி ஓவியர்களுள் ஒருவராக அவர் பெயர் வருகிறது. படத்தின் தோற்றத்தையே வகுத்தவர் அவர் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. பிற்காலத்து ஆய்வாளரும் இரசிகரும் தேடியதனாலேயே உலகம் அறிந்தது. 2001இல் ஸ்ரூடியோவின் கௌரவம் கிடைத்தது. 2015இல் அவரைப்பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் 106 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் கடற்கரையிலே தாமே செய்த பட்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மைதீட்டிய பெண்களின் வரலாற்றுக்கு இன்னுங் காத்திருக்க வேண்டியிருந்தது. மின்டி ஜோன்சன் எழுதிய பெரிய நூல் 2017இலேதான் வெளிவந்தது. அதற்குள் அவர்களிற் பெரும்பாலோர் காலமாகிவிட்டார்கள். அவர்கள் தீட்டிய செலுலொயிட் தாள்களும் தப்பவில்லை. ஆரம்பத்தில் படம் முடிந்ததும் அவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்தினார்கள், அல்லது எறிந்தார்கள். 1938 முதல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஒரு கலைக்கூடம் சிலவற்றை விற்கத் தொடங்கியதனாலேயே கொஞ்சம் மிஞ்சின. 1961இல் 'நூற்றியொரு டல்மேஷியன்' படம் வந்தபோது பென்சில் சித்திரத்தை நேரடியாகச் செலுலொயிட்டில் பிரதிசெய்யும் இயந்திரம் வந்துவிட்டது. கோடிழுத்த கைகளுக்கு வேலையில்லாமற் போனது. 1989இல் வெளிவந்த 'சின்னக் கடற்கன்னி'யோடு அந்த ஸ்ரூடியோவின் நீண்ட படங்களில் செலுலொயிட்டில் வர்ணம் பூசும் வழக்கமும் முடிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கணினி பூசியது.

ஆவலின் மறுபக்கம்

இரசிகரின் ஆவலிலே குறையில்லை என்று சொல்லமுடியாது. ஆவல் கட்டுக்கதையையும் வளர்க்கும். ஸ்னோ வைற்றின் கன்னச் சிவப்பை எடுத்துக்கொள்வோம். மைதீட்டிய பெண்கள் தம் கைப்பையிலிருந்த முகச்சாயத்தை எடுத்துத் தாளில் பூசிவிட்டார்கள் என்பது நெடுங்காலமாக எல்லோரும் விரும்பிச் சொன்ன கதை. கேட்பதற்கு இனிமையானது. பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தவர்கள் அது சாயக்கரைசலால் ஒற்றியெடுத்த வேலை என்றார்கள். பென்சில் முனையிலே சுற்றிய சிறு பஞ்சால், சட்டத்துக்குச் சட்டம் இடம் மாறாமல் ஒற்றவேண்டும். கதை அந்தப் பெண்களை விளையாட்டுக்காரிகளாக்கியது. உண்மை அவர்களைத் தொழிலறிந்த கலைஞர்களாக்கியது. கதையைக் காட்டிலும் உண்மையே அவர்களுக்குப் பெருமை தருகிறது. இன்னொரு குறை, பணம். தொட்டிக்குள் கழுவப்பட்ட தாள்கள் இன்று ஏலத்திலே பெருந்தொகைக்குப் போகின்றன. தீட்டியவளுக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இரகசியம் தெரிந்தபின்னும் இந்தப் படங்கள் ஏன் சலிக்கவில்லை? வித்தைக்காரனின் இரகசியம் ஒரு தந்திரம். தந்திரம் ஒருமுறை தெரிந்துவிட்டால் முடிந்துபோகும். இந்தப் படங்களின் இரகசியமோ உழைப்பு. கஞ்சியும் சேறும் எரிமலையாயின என்று அறிந்தவன் எரிமலையை வெறுக்கமாட்டான். கஞ்சியைக் கலக்கியவனை நினைத்துக்கொள்வான். நூலைப் படித்து மகிழ்ந்தவன் அதன் முகவுரையையும் தேடிப் படிப்பது நூலைச் சிறுமைப்படுத்த அன்று.

இன்று சித்திரத்தை இயந்திரமே வரைந்துவிடும் என்று பேசப்படுகிறது. 1961இல் ஓர் இயந்திரம் வந்தபோது வேலையிழந்தவர்களின் பெயர்களை எழுதிவைக்க 2017 வரை செல்லவேண்டியிருந்தது. இம்முறை அவ்வளவு காலம் பொறுத்திருக்கத் தேவையில்லை. படம் முடிந்து விளக்கு ஏற்றப்படும்போது, சிறிய எழுத்துக்களிலே பெயர்கள் மேலெழுந்து போய்க்கொண்டிருக்கும். எழுந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு, பிள்ளைகளை மாத்திரம் இரண்டு நிமிடம் இருத்தி அவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். திரையிலே அந்தச் சிறிய எழுத்து வருவதற்கே ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வாசலில் நின்று மறியல் செய்தார்கள்.